கெட்டியாகக் கொண்டுவா

என்னிடம் லேப் வேலை கற்றுக்கொண்ட உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். புது லேபில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது மேடம், சாம்பிள் சரியில்லையென்றால் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம், உள்ளே வருவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று அவருக்குத் தெரியாது, நான் இப்போது இருக்கிற சான்பாடாவில் சிக்னல் சரியில்லை என்று நினைத்திருப்பார். ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதில் என்ன கோபம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்தச் சாயம், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள். பம்பாயில், செம்பூரில் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் லேப் என் பொறுப்பில் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அந்த இடத்தில் பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நான் மாட்டுங்காவிலிருந்து வருவேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினால் காலை வேலை தொடங்குமுன் வந்துவிடலாம், மழை இல்லாவிட்டால்.

லேபில் மலப் பரிசோதனை மேஜை கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மூலையில் இருந்தது. புதிதாக வருகிறவர்களைத் தண்டனை மாதிரி அங்கே உட்காரவைப்பது வழக்கம். நான் மட்டும் பொறுப்புக்கு வந்த பிறகும் அந்த மேஜையை விடவில்லை. என் சிநேகிதிகள் கேலி செய்வார்கள். மாட்டுங்காவில் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் என் மாமியார், "பேங்க்ல இருக்கா" என்றுதான் சொல்வார். எனக்கு அந்த மேஜை பிடித்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அந்த ஆள் நேற்று என்ன சாப்பிட்டார், நன்றாக மென்றாரா, அவசரமாக முழுங்கினாரா என்பதெல்லாம் தெரியும். மிளகாய்த் தோல் தெரியும், கறி சாப்பிட்டிருந்தால் அதன் நார் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவரை நான் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். நீங்கள் புழு முட்டையையும் அமீபா சிஸ்டையும் மட்டும் தேடிவிட்டு, மற்றதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிடுகிறீர்கள். குப்பை என்ற சொல்லை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

தாராவியிலிருந்து காஜா மைதீன் என்று ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தோல் பை தைக்கிற சின்ன ஒர்க்ஷாப் வைத்திருந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும், பார்த்தால் அறுபது என்பீர்கள். வாரக்கணக்கில் பேதி. அதுவும் வெறும் தண்ணீர். தாராவியில் அவர் இருந்த சந்தில் கக்கூஸுக்கு வரிசையில் நிற்கவேண்டும். வரிசையில் நிற்க முடியாத பேதி வந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய மனைவி மைமூன் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியை வைத்துச் சமாளித்திருக்கிறார். கடைசியில் காஜாவால் எழுந்து உட்காரவே முடியாமல் போனபோது, தம்பி சாகுல் டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ரத்தத்தை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. பாசிட்டிவ்.

அந்த வார்த்தை அன்று என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கட்டிலை வார்டின் கடைசிக்குத் தள்ளினார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. சாப்பாட்டுத் தட்டை வார்டு பையன் தரையில் வைத்துக் காலால் தள்ளிவிட்டுப் போனான். அவனை நான் திட்டினேன். அவன் சிரித்துவிட்டு, பெரிய டாக்டரே திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கிறார் என்றான். அது உண்மைதான். வியாதியின் பெயரைத் தம்பியிடம் மட்டும் சொன்னார்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவருடைய வாதம் இதுதான். பேதி இந்த வியாதியிலேயே வரும். இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. ஆகவே பேதிக்கும் மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, கொஞ்சம் தேறியதும் ஊருக்கு அனுப்பிவிடலாம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். படித்தவர்களுக்கு இப்படி ஒழுங்காக ஒரு வாதம் கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் அவர்களை அசைக்க முடியாது. என் ஐம்பது வருஷத்து எரிச்சல் இது.

நான் விடவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளின் குடலில் சில ஒட்டுண்ணிகள் புகுந்துகொண்டு ஆட்டம் போடுகின்றன என்று அப்போது மருத்துவப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நல்ல உடம்பில் இரண்டு மூன்று வாரம் தொல்லை கொடுத்துவிட்டுப் போகிற சமாசாரம், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் ஆளையே கரைத்துவிடும். அதில் முக்கியமாக இரண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்றால் அன்று எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஐசோஸ்போரா என்றால் மாத்திரை இருக்கிறது. இப்போது அதன் பெயரைக்கூட மாற்றிவிட்டார்களாம், மாற்றட்டும், எனக்கு அது ஐசோஸ்போராதான். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமலே ஒருவரை ஊருக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

டி.பி. கிருமியைப் பார்க்கப் போடுகிற சிவப்புச் சாயத்தை மலத்துக்கும் போட்டால் இவை இரண்டும் தெரியும். சளிப் பரிசோதனை மேஜைக்காரரிடம் கொஞ்சம் சாயம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சளிக்கு வைத்திருக்கிற சாயத்தை இதற்குத் தருவதா என்றார். அவருடைய சாயம் கங்கா ஜலம் மாதிரி. நான் சண்டை போடவில்லை. அவர் சாப்பிடப் போனதும் எடுத்துக்கொண்டேன்.

காஜா மைதீன் பெயரில் சாம்பிள் வந்தது. சாதாரணமாகவும் பார்த்தேன், சாயம் போட்டும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினேன். ஒன்றுமில்லை. மூன்றாவதும் கேட்டபோது பெரிய டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து, இப்போதாவது திருப்தியா என்று கேட்டார். அன்று பகலிலேயே டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். சாகுல் அதற்குள் தாதரிலிருந்து ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். மெட்ராஸ் போய், அங்கே இறங்கி, திருநெல்வேலிக்கு இன்னொரு ரயில். தண்ணீராகப் போகிற ஒருவரைச் சலைனைக் கழற்றிவிட்டு இரண்டு ராத்திரி ரயிலில் கொண்டுபோவது என்றால் என்ன அர்த்தம் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். மைமூனுக்கும் தெரியும். கபர்க்குழி ஊர் மண்ணிலேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதாக நர்ஸ் என்னிடம் சொன்னார்.

அந்த நர்ஸ் ஒரு மலையாளி சிஸ்டர். வார்டில் திரைக்கு அந்தப் பக்கம் போகிற ஒரே ஆள். அன்று ஏதோ ரத்தச் சீட்டு வாங்க லேபுக்கு வந்தவர், நின்றபடியே புலம்பினார். காலையிலிருந்து நாலு தடவை பெட்ஷீட் மாற்றியாகிவிட்டது, எல்லாம் தண்ணீர், லாண்டரிக்காரன் சண்டைக்கு வருகிறான் என்றார். நான் மூன்றாவது சாம்பிளுக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது.

என் மேஜையில் இருந்தது கெட்டியான மலம். நல்ல ஆரோக்கியமான ஆளுடையது மாதிரி, தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம் போல.

மறுபடி ஸ்லைடை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை ஒட்டுண்ணியைத் தேடவில்லை. நீங்கள் குப்பை என்று தள்ளுகிறதைத்தான் பார்த்தேன். கறி நார் இருந்தது. மிளகாய்த் தோல் இருந்தது. கடலைத் தோல் முழுசாக இருந்தது, மெல்லாமல் முழுங்கிய சுண்டல். சிஸ்டரிடம், அந்த ஆளுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சாப்பாடா, ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீரே உள்ளே நிற்கவில்லை என்றார்.

அதாவது, ஒரு வாரமாக நான் யாரோ ஒருவருடைய நல்ல வயிற்றைப் பரிசோதித்து, காஜா மைதீனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாடிக்கு ஓடினேன். மைமூன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சாகுல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கத்தியிருக்கக்கூடாது, கத்தினேன். அந்த டப்பாவில் இருந்தது யாருடையது என்று கேட்டேன். மைமூன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்.

"யம்மா, மொதல்ல அவியளதத்தான் கொண்டாந்தேன். ஊசி மருந்து பாட்டில்ல. சன்னல்ல இருக்க ஆளு ஆட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போன்னுட்டாரு. மறுநாளும் கொண்டாந்தேன். தண்ணி வேண்டாம், கெட்டியா கொண்டாங்காரு. நான் கெட்டிக்கு எங்க போவேன்?"

அந்த ஆள் எங்கள் கவுன்ட்டர் சாவந்த். எப்போதோ ஒருநாள் ஒரு பாட்டிலின் ரப்பர் மூடி கழன்று சீட்டுகள் எல்லாம் நனைந்துபோய், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவராகவே ஒரு விதி போட்டுக்கொண்டார். "பாத்லா நஹீ சலேகா, கட்ட் லானே கா." நீர்த்தது செல்லாது, கெட்டியாகக் கொண்டுவரணும். பேதிக்காரர்களைப் பரிசோதிக்கத்தான் அந்த மேஜையே இருக்கிறது. பேதிக்காரர்கள் தவிர மற்ற எல்லோருடையதையும் அவர் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அது எத்தனை மாதமாக நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது சரி, கெட்டியாக வந்தது யாருடையது? சாகுல்தான் முன்னால் வந்தார். அவர் வெட்கப்படவில்லை. அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்காவுக்கு ரத்தம் ஏத்தணும்னிய. அவுக ஒடம்புல இல்ல, தம்பி குடுத்தாப் போதும்னு இதே சன்னல்லதான் சொன்னாவ. குடுத்தேன். வாங்கிக்கிட்டிய. இதும் அப்படித்தான்னு நெனைச்சோம். ஒரு வயித்துல பொறந்தவங்கதான?"

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று அந்த நிமிஷத்தில் என்னால் காட்ட முடியவில்லை. அன்றைய வழக்கம் அதுதான். ஒருவருக்கு ரத்தம் ஏற்றினால், எடுத்த பாட்டிலுக்கு ஈடாக வீட்டிலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்கவேண்டும். கொடுத்த ரத்தம் வேறு யாருக்கோ போகும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணனிடம் இல்லாததைத் தம்பியிடம் வாங்கிக்கொள்கிற ஆஸ்பத்திரி இது என்பதுதான் அவர்கள் கண்ட நியாயம். காஜாவிடம் கெட்டி இல்லை, தம்பியிடம் இருக்கிறது, கொண்டுவந்து கொடுத்தார்கள். சன்னல் வாங்கிக்கொண்டது. ரசீது வேறு கிடைத்தது.

இதற்கு யாரைத் திட்டுவது? சாவந்தையா, மேனேஜரையா, ரத்த வங்கியையா? திட்ட நேரமில்லை. ரயில் ராத்திரி. அப்போது மணி மூன்று இருக்கும்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். காஜா கண்ணைத் திறந்தார். நான் யார் என்று சொல்லி, என்ன வேண்டும் என்றும் சொன்னேன். தண்ணீராகத்தான் இருக்கும் என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. தண்ணீர்தான் வேண்டும் என்றேன். காத்திருக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சிஸ்டர் ஒரு வாய் அகன்ற பாட்டிலில் பிடித்து மூடிக் கொடுத்தார். வார்டு பையனைக் கூப்பிட்டால் அவன் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றான். நானே எடுத்துக்கொண்டேன். காஜாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நீங்க எதுக்கும்மா இதத் தூக்குதிய? பொம்பளையாளு."

பாட்டிலோடு படியிறங்கிவிட்டேன். இன்று யோசித்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கவுன்ட்டரைத் தாண்டித்தான் லேபுக்குப் போகவேண்டும். சாவந்த் பாட்டிலைப் பார்த்துவிட்டு வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தார். மூக்குக்கு நேரே பாட்டிலை நீட்டினேன். மிச்ச வாக்கியத்தை முழுங்கிவிட்டார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் என்னை இன்னும் எரியவைக்கிற விஷயம். சாயமே தேவைப்படவில்லை. ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கண்ணாடி மூடி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு ஓரத்தில் நீள்வட்டமாக, கண்ணாடி போல ஓடு, உள்ளே ஒரு உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்தினால் இன்னொன்று. அந்தச் சிவப்புச் சாயத்துக்காக நான் செய்த திருட்டு வீண். முதல் நாள் அந்தப் பெண் கொண்டுவந்த ஊசி மருந்து பாட்டிலை உள்ளே அனுப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். உறுதிக்காகச் சாயமும் போட்டேன். உருண்டைகள் சிவப்பாக நின்றன. ஐசோஸ்போரா. மாத்திரை இருக்கிற வகை.

என்ன மாத்திரை தெரியுமா? கோட்ரைமாக்சசோல். தாராவியில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். சிறுநீர்க் கடுப்புக்கும், நெஞ்சுச் சளிக்கும், சில டாக்டர்கள் தலைவலிக்கும்கூட எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் கொடுத்த மாத்திரையை, தேவைப்பட்ட இந்த ஒருவருக்குக் கொடுக்கவில்லை.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். நல்ல ஸ்லைடு என்றார். அப்புறம், இன்றைக்கு இது, அடுத்த மாதம் டி.பி., அதற்கப்புறம் வேறொன்று, எப்படியும் போகப்போகிறவர், எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டார். களைத்துப்போன குரலில்தான் கேட்டார். அவர் பார்த்த இந்த மாதிரி நோயாளிகள் எல்லோருமே போய்விட்டிருந்தார்கள். நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, இன்று ராத்திரி ரயிலில் ஏற்றலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். பேனாவை எடுத்து மாத்திரையை எழுதினார். சலைனைத் திரும்ப மாட்டச் சொன்னார். ஆனால் எழுதிய டிஸ்சார்ஜை அடித்துவிடவில்லை. குடும்பம் விரும்பினால் இருக்கலாம் என்று எழுதினார்.

ஆக, கடைசியில் அந்தச் சுமை மைமூன் தலையில் வந்து விழுந்தது. நமக்குத் தீர்மானிக்கப் பயமாக இருக்கும்போதெல்லாம் குடும்பத்தின் விருப்பம் என்று எழுதிவிடுகிறோம். கவனித்திருக்கிறீர்களா?

மாடிக்குப் போனேன். மூட்டைகள் வாசலில் இருந்தன. சாகுல், வீட்டில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்தாகிவிட்டது, ஊரில் சொல்லியாகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று முணுமுணுத்தார். மைமூன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதத் தின்னா நின்னுருமா?"

நான் அந்த மாத்திரையை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தவள் இல்லை. படித்ததுதான். டாக்டரும் இல்லை. நிற்கும் என்று அடித்துச் சொல்லி, நிற்காவிட்டால், அவர்கள் கேட்ட ஊர் மண்ணும் கிடைக்காது. தெரியாது என்று சொல்லிக் கையைக் கழுவினால், ரயில் ஏறிவிடுவார்கள். உங்கள் புத்தகத்தில் இல்லாத இடம் இதுதான்.

"பேதி நிக்கும்னு நினைக்கிறேன் மைமூன். வியாதி நிக்காது. அது உள்ளேயேதான் இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியாது."

அவர் திரைக்குப் பின்னால் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து சாகுலிடம் சொன்னார்.

"ரயிலு தெனந்தான் போவுது. நீ போயி டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு வா."

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். காஜா மாத்திரையை முழுங்கி வாந்தி எடுத்தார் என்றார்கள். திரும்பக் கொடுத்தார் சிஸ்டர். ஒன்றும் மாற்றமில்லை என்றார்கள். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஒருநாள் மத்தியானம் சிஸ்டர் லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளேகூட வரவில்லை. காலையிலிருந்து பெட்ஷீட் மாற்றவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சம்பள உயர்விலும் வந்ததில்லை.

காஜா நடந்துதான் வீட்டுக்குப் போனார், தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு. போகுமுன் மைமூனைத் தனியாக உட்காரவைத்து, அந்த வியாதி என்ன, அவரும் ரத்தம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதையெல்லாம் நானும் சிஸ்டரும் சொன்னோம். அதைச் சொன்ன கதை வேறு, இங்கே வேண்டாம்.

சாவந்தோடு நான் போட்ட சண்டையைப் பற்றி ஆஸ்பத்திரியே பேசியது. மேனேஜர் சொன்னார் என்றார் அவர். நான் அப்படி ஒன்றும் சொல்லவேயில்லை என்றார் மேனேஜர். யாருமே போடாத விதி அது. யாரும் போடாததால் யாராலும் எடுக்க முடியவில்லை. நான் ஒரு வாரம் காலையில் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்தேன். எத்தனை பேர் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, சன்னலைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கிங்ஸ் சர்க்கிள் கடைகளிலும் தெரிந்த வீடுகளிலும் சொல்லிவைத்து, காலி ஊறுகாய் பாட்டில்களை வாங்கி, கழுவிக் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் அடுக்கினேன். ஒழுகாது, இனிமேல் என்ன சாக்கு என்று கேட்டேன். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் சாவந்த் லீவில் போக, அந்த இடத்துக்கு வந்தவர் முதல் நாளே ஒரு கிழவரிடம் கெட்டியாகக் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். சன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டால் அது தானாக வந்துவிடும் போலிருக்கிறது. இப்போது உங்கள் லேபில் அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள். பெருமை வேறு.

பெரிய டாக்டர் சொன்னதும் பொய்யாகவில்லை. அடுத்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் காஜா மைதீன் டி.பி.யில் போய்விட்டார். எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கிற மருந்தெல்லாம் வருவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. ஊரில்தான் அடக்கம். அங்கே அவர் உயிரோடுதான் போய்ச் சேர்ந்தார், தன் காலால் ரயில் ஏறி. நடுவில் இருந்த காலத்தில் ஒர்க்ஷாப்பைத் திறந்தார், தைத்தார், ஆட்களைத் திட்டினார் என்று சாகுல் சொன்னார். எதற்கு அந்த ஓட்டம் என்று கேட்டவருக்கு இதைவிட எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

நான் சொல்லவேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி. காஜா வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து, மறுபரிசோதனைக்கு மைமூன் வந்தார். கவுன்ட்டரில் கொடுக்காமல் நேராக என் மேஜைக்கு வந்து, ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார். திறந்து பார்த்தேன். கெட்டியாக இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார்.

"அவியளதுதாம்மா. சத்தியமா அவியளதுதான்."

நான் நம்பவில்லை. ஒருமுறை பட்டவள். ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒட்டுண்ணி ஒன்றும் இல்லை. கறி நார் இருந்தது. மிளகாய்த் தோல் இருந்தது. கடலைத் தோலும் இருந்தது, முழுசாக. சுண்டலை மெல்லாமல் முழுங்குவது அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது. இருந்தாலும் சந்தேகத்தோடு நிமிர்ந்து, சாகுல் எங்கே என்று கேட்டேன். மைமூன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காஜா மைதீன் நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதப் பொட்டலம். அதிலிருந்து சுண்டல் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார், அவசர அவசரமாக.

மென்று தின்னச் சொல் என்று மைமூனைத் திட்டினேன்.